தளபதி சம்மதித்த மாதம்

பாளையங்கோட்டைக் கல்லூரியில் எனக்குப் பக்கத்து மேசைக்காரர் எழுதிய புத்தகம் அது. அயல்நாட்டுத் தளபதி ஒருவர், 'எனக்கு எதற்கு அந்தப் பதவி' என்று சொல்லிக்கொண்டே ஜனாதிபதித் தேர்தலில் நிற்க எப்போது முடிவெடுத்தார் என்கிற ஆராய்ச்சி. அதை எழுத வேண்டியவன் நான். எழுதப்போகிறேன், எழுதப்போகிறேன் என்று துறை முழுக்கச் சொல்லித் திரிந்தவனும் நான்தான்.

புத்தகத்தைக் கையில் வாங்கியதும் வயிறு எரிந்தது. நன்றியுரையைப் படிக்கப் பிடிக்காமல் தள்ளிவிட்டு, சிவப்புப் பேனாவோடு தப்பு தேட உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் கிடைத்தது. தளபதி தன் சம்மதத்தை நண்பருக்கு எழுதிய கடிதத்தின் தேதியைப் புத்தகத்தில் ஒரு மாதம் முந்திப் போட்டிருந்தார் பக்கத்து மேசைக்காரர். கட்சிக்காரர்கள் வந்து கெஞ்சும் முன்பே தளபதி மசிந்துவிட்டார் என்று ஒரு அத்தியாயமே அதன்மேல் நின்றது. நான் போன வருடம் சென்னை நூலகம் ஒன்றில் எடுத்த கடித நகலில் மாதம் வேறு.

புத்தகத்தின் மதிப்புரைக் கூட்டத்தில் முதலில் பேச அவர் என்னைத்தான் கூப்பிட்டார். அவருக்குப் பொன்னாடையைப் போர்த்திய கையோடு நகலைத் தூக்கிக் காட்டினேன்.

"மாசமே தப்பு வே. அந்த அத்தியாயம் நிக்காது."

அவர் முகம் சிறுத்துப்போனது. எனக்கு அது இனித்தது.

"சரி பண்ணிருதேன் அண்ணாச்சி" என்றார்.

வீட்டில் நகலை வைக்க அலமாரியைத் திறந்தேன். நகல் கிடைக்கும் முன்பே எழுதி, அவருக்கு இரவல் கொடுத்துத் திரும்பி வந்த என் குறிப்பு நோட்டு கண்ணில் பட்டது. புரட்டினால், அந்தக் கடிதத்துக்கு நேரே என் கையெழுத்திலேயே அந்தத் தப்பு மாதம். அதற்குப் பிறகுதான் நன்றியுரையைப் படித்தேன். முதல் நன்றி எனக்கும் அந்த நோட்டுக்கும்.

மறுநாள் போன் செய்தார்.

"அடுத்த பதிப்புல திருத்திருதேன் அண்ணாச்சி. தப்பக் கண்டுபிடிச்சது நீங்கன்னு ஒரு வரி போடட்டுமா?"

குரலில் குத்தல் துளியும் இல்லை. தப்பு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தும் மேடையில் என்னைக் காட்டிக்கொடுக்காத மனிதர். அது என் நோட்டில் இருந்த தப்பு வே என்று அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும்.

"எனக்கு எதுக்கு வே அதெல்லாம்" என்றேன்.

இன்னொரு தடவை கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை.

"சரி, நீரு இவ்வளவு ஆசைப்படுதீரு. போடும்" என்றேன்.