சிஸ்டர் வள்ளம் ஏறிய காலை

எங்கள் அஜ்மான் வீட்டுப் பால்கனியில், துணி உலர்த்தும் கம்பிக்குக் கீழே, பழைய சோப்புப் பெட்டி ஒன்றில் ஒரு கறுப்பு ரப்பர் மூடி கிடக்கும். சுண்டுவிரல் நுனி அளவுதான் இருக்கும். கயாக் என்னும் பிளாஸ்டிக் துடுப்புப் படகின் வால் பக்கத்தில், உள்ளே புகுந்த தண்ணீரை வடிப்பதற்காக ஒரு துளை வைத்திருப்பார்கள். அந்தத் துளையை அடைக்கும் மூடி அது. கடலுக்குப் போவதற்கு முந்தைய நாள் படகைக் கழுவியபோது என் கணவர் அதைக் கழற்றி, நன்றாக உலரட்டும் என்று அந்தப் பெட்டியில் வைத்தார். புறப்படும் முன் எல்லாப் பொருள்களையும் எடுத்து அடுக்கி, ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்தவள் நான். எதுவும் விட்டுப்போகவில்லை என்று உறுதியாகச் சொன்னேன். படகுக்கு மூடி என்று ஒன்று உண்டு என்பதே அன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்தப் பயணம் சிஸ்டருக்காகப் போனது. எங்களுக்கு மேல் மாடியில் குடியிருந்த அவர் ஷார்ஜாவில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். கட்டடம் முழுவதும் அவரை சிஸ்டர் என்றே அழைத்தது. என்னைவிட வயதில் இளையவரானாலும் நானும் அப்படித்தான் அழைத்தேன். எங்கள் கட்டடத்தில் தமிழ்க் குடும்பங்கள் அதிகம். அங்கே ஒருவரின் ஊர்தான் அவருடைய தகுதிச் சான்று. தஞ்சாவூர்க்காரருக்கு அரிசி தெரியும், காரைக்குடிக்காரர்களான எங்களுக்குச் சமையல் தெரியும், கன்னியாகுமரிக் கடற்கரையிலிருந்து வந்த சிஸ்டருக்குக் கடல் தெரியும் என்று எல்லோரும் முடிவுகட்டியிருந்தோம். மீன் சந்தைக்கு யார் போனாலும் அவரைத் துணைக்குக் கூப்பிடுவார்கள். டியூட்டி முடிந்து களைத்து வந்திருந்தாலும் வருவார். செவுளை விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது ஐஸ்ல கெடந்தே கெழவனானது, வேண்டாம்" என்பார். கடைக்காரர்களான வங்காளிகளுக்கு அவர் பேசும் தமிழ் புரியாது. அவர் முகம் புரியும்.

அவருடைய தாய் இறந்த பிறகு ஊரில் தந்தை மட்டும் தனியாக இருந்தார். ஆயுள் முழுவதும் மீன்பிடித்தவர். விழுந்து இடுப்பு முறிந்ததில் கடலுக்குப் போவது நின்றுவிட்டது. அவரைப் பார்த்துக்கொள்ள சிஸ்டர் வேலையை விட்டார். விசா கேன்சல் ஆகிவிட்டது. சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில் எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். கொடுத்த தேநீரைக் குடித்து முடித்தார். பிறகு சொன்னார்:

"அக்கா, எனக்கு ஒரு ஆசை. சிரிக்கப்பிடாது. ஒரு நெய்மீன எனக்க கையால கடல்ல வச்சுப் பிடிக்கணும். வாங்கித் தின்னது போதும்."

நெய்மீன் என்று அவர் சொல்வதைத்தான் சென்னையில் வஞ்சிரம் என்கிறார்கள், இங்கே கிங்ஃபிஷ் என்கிறார்கள். நான் சிரிக்கவில்லை, ஆனால் புரியவும் இல்லை. கடற்கரையில் பிறந்தவருக்கு இதில் என்ன ஆசை என்று கேட்டேன்.

அப்போதுதான் சொன்னார். அவர் ஊரில் பெண்கள் வள்ளத்தில் ஏறுவதில்லை. கரையில் கிடக்கும் வள்ளத்தின் கயிற்றைக்கூடத் தாண்ட மாட்டார்கள், சுற்றித்தான் போவார்கள். மீறினால் அந்த வள்ளத்துக்கு மீன் கிடைக்காது என்று நம்பிக்கை. சிறு பிள்ளையாக இருந்தபோது, மணலில் ஏற்றி வைத்திருந்த தந்தையின் வள்ளத்துக்குள் இவர் ஏறி உட்கார்ந்து விளையாடியிருக்கிறார். யாரோ பார்த்துவிட்டார்கள். வள்ளத்துக்குத் தீர்த்தம் தெளித்த பிறகே மறுபடி கடலில் இறக்கினார்கள்.

"அப்பா அடிக்கல்ல, ஏசல்ல. கொஞ்ச நாளு என்கிட்ட பேசல்ல, அவ்வளவுதான். அதுக்கு அடிச்சிருக்கலாம். ஊருக்குப் போயிட்டா இனி யாரு என்ன ஏத்துவா? இங்கதான் முடியும். ஆனா போயிட்டு வந்து அப்பாகிட்ட சொல்லாம இருக்க மாட்டேன் கேட்டீங்களா. ஒளிச்சு வச்சுக்கிட்டு அவருக்க பக்கத்துல எப்பிடி இருக்கது?"

என் கணவர் உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்தார். சலுகை விலை என்று பழைய கயாக் ஒன்றை வாங்கி, இரண்டு முறை கடலுக்குப் போய்விட்டு முதுகு வலியோடு படுத்தவர் அவர். அந்தப் படகுக்கு ஒரு பயன் வந்ததில் அவருக்கு மகிழ்ச்சி. "யல்லா சிஸ்டர், போயிட வேண்டியதுதான். நான் கரையில நின்னு பாத்துக்கிறேன்" என்றார்.

விடிவதற்குள் மலைகளைத் தாண்டி புஜைரா பக்கத்துக் கடற்கரைக்குப் போய்விட்டோம். அஜ்மான் பக்கம் சூரியன் கடலில் விழும். அங்கே கடலிலிருந்து எழும். முதுகுக்குப் பின்னால் புல் பூண்டு இல்லாத பழுப்பு மலைகள், முன்னால் அசைவே இல்லாத நீர். மலை உச்சிகளில் பட்ட முதல் வெளிச்சம் மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. கணவர் படகை நீர் விளிம்பில் இறக்கி, அதன் கயிற்றை மணலில் நீளமாகப் போட்டார். சிஸ்டர் உயிர்காப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். கயிற்றுக்கு முன்னால் வந்ததும் நின்றார். பிறகு கயிற்றின் முனைவரை நடந்து, சுற்றி, மறுபக்கம் வந்து படகருகில் நின்றார். தான் செய்ததை அவரே கவனித்திருக்கமாட்டார். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, கண்ணை இறுக மூடி, முன் இருக்கையில் ஏறினார். நான் பின்னால் அமர்ந்தேன். அதற்கு முன் கணவரோடு போன பழக்கத்தில் துடுப்புப் போட எனக்கு ஓரளவு வரும்.

கரை சிறிதானபோதுதான் கேட்டேன்: "சிஸ்டர், உங்களுக்கு நீச்சல் நல்லா தெரியும்ல?"

"எனக்கா? எங்க ஊர்ல பொம்பளையளுக்கு எவன் சொல்லிக் குடுத்தான்? அலையில கால நனைப்போம், அவ்வளவுதான். உங்களுக்குத் தெரியும்னுல்லா நான் தைரியமா ஏறினேன்!"

"காரைக்குடியில கடல் ஏது சிஸ்டர்?"

"கொளம் இருக்கும்லா!"

இருவரும் சிரித்தோம். சிரிக்கும்போதே என் இடுப்பு நனைந்திருப்பதை உணர்ந்தேன். திரும்பிப் பார்த்தால் படகின் வால் தாழ்ந்திருந்தது. துளை வழியாகக் கொப்புளம் விட்டபடி கடல் உள்ளே போய்க்கொண்டிருந்தது. சிஸ்டரின் காலடியிலிருந்த பையில் காலை உணவுக்கு வைத்த குப்பூஸ் ரொட்டி இருந்தது. சிஸ்டர் ஒன்றைப் பிய்த்து, தண்ணீரில் நனைத்துப் பிசைந்து, பிளாஸ்டிக் கவரில் சுற்றி பின்னாலிருந்த என்னிடம் நீட்டினார். "ரத்தம் வந்தா மொதல்ல அமுக்கணும் அக்கா. அமுக்குங்க, விட்டிராதீங்க." நான் உடலைத் திருப்பி அந்த ரொட்டி உருண்டையைத் துளையில் திணித்து, உள்ளங்கையால் அழுத்திக்கொண்டேன். கொப்புளம் நின்றது.

தூண்டில் கம்புகள் இரண்டு, இருக்கைகளின் பக்கத்தில் செருகப்பட்டு, செயற்கை மீன்களை இழுத்தபடி பின்னால் வந்துகொண்டிருந்தன. கம்புகளைப் படகோடு கட்டிவைக்க வேண்டிய வாரைக் கொண்டு என் கணவர் தேநீர் பிளாஸ்க்கைக் கட்டியிருந்தார். முதல் இழுப்பு வந்ததும் இடப்பக்கக் கம்பு, அதன் தாங்கி, தாங்கியின் திருகாணிகள் எல்லாமாகக் கழன்று கடலுக்குள் போயின. பிளாஸ்க் பத்திரமாக இருந்தது. நாங்கள் வாயைத் திறப்பதற்குள் வலப்பக்கக் கம்பு வில்லாக வளைந்தது.

சிஸ்டர் அதைப் பாய்ந்து பிடித்தார். சுருளிலிருந்து தூண்டில் நரம்பு கீச்சிட்டுக்கொண்டே ஓடியது. ஓட்டம் நின்றதும் கைப்பிடியைச் சுற்றினார். இரண்டு சுற்றில் கைப்பிடி கழன்று அவர் கையோடு வந்துவிட்டது. ஒரு கணம் அதைப் பார்த்தார். காலடியில் போட்டார். கம்பை முழங்கால்களுக்கு இடையில் இடுக்கிக்கொண்டு, வெறுங்கையால் நரம்பைப் பற்றினார்.

"அக்கா, இது எனக்குத் தெரியும். அப்பாவுக்க தங்கூசி நான்தான சுத்தி வைப்பேன்."

தங்கூசி என்பது அந்த நைலான் நரம்பு. தந்தை கடலிலிருந்து கொண்டுவரும் சிக்குவிழுந்த நரம்புகளைக் கரையில் பிரித்துச் சுருட்டி வைத்தவை அந்தக் கைகள். காரில் வரும்போதே மருத்துவமனை பிளாஸ்டரை விரல்களில் சுற்றிக்கொண்டிருந்தார். இதென்ன வேஷம் என்று நான் கேலி செய்திருந்தேன். இப்போது அந்த விரல்கள் ஒரு முழம் இழுத்தன, மீனுக்காகக் காலடியில் வைத்திருந்த வாளிக்குள் வட்டமாக அடுக்கின, மறு முழத்துக்குப் போயின. மீன் ஓடினால் விட்டன. ஒரு சுருள்கூட மற்றொன்றோடு சிக்கவில்லை.

அப்போதுதான் படகு நகர்வதைக் கவனித்தேன். யாரும் துடுப்புப் போடவில்லை. என் ஒரு கை ரொட்டியை அழுத்திக்கொண்டிருந்தது, துடுப்பு மடியில் கிடந்தது. காற்றும் இல்லை. ஆனால் படகின் மூக்கு தானாகத் திரும்பி, சூரியன் எழும் திசை நோக்கி, சலசலவென்று நீரைக் கிழித்துக்கொண்டு போனது. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று இரண்டு பெண்களையும் ஒரு பிளாஸ்க்கையும் இழுத்துக்கொண்டு கடலுக்குள் போகிறது. பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எனக்குக் கடவுள் நம்பிக்கை அதிகமில்லை; ஆனாலும் அந்தச் சில நிமிடங்கள் கோயில் கருவறை முன் நிற்பதுபோல மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன். கரையில் என் கணவர் ஒரு புள்ளியாகத் தெரிந்தார். நான் கையை வீசினேன். அவரும் துண்டை உற்சாகமாக வீசினார்.

நீர் கண்ணாடிபோல் இருந்தது. வெகு ஆழத்தில் ஒரு வெளிச்சம் திரும்பியது. மறுபடி திரும்பியது. மெல்ல மெல்ல அது மேலே வந்தபோது, வெள்ளியில் வார்த்த உடலும் அதன் பக்கங்களில் அலை அலையாக ஓடிய கோடுகளும் தெரிந்தன. சந்தையில் ஐஸ் மேல் சாம்பல் நிறத்தில் கிடக்கும் மீனைத்தான் அதுவரை பார்த்திருக்கிறேன். உயிரோடு அதற்கு நீலமும் பச்சையும் ஊதாவும் இருந்தன. ஒவ்வொரு அசைவிலும் அவை இடம் மாறின. சிஸ்டர் இழுப்பதை நிறுத்திவிட்டார்.

"எனக்க மாதாவே," என்றார். "இவ்வளவு அழகாட்டா இருக்கும்? இத்தன வருஷமா கழுவி வெட்டியிருக்கேன், எவனும் சொல்லல்லியே!"

வலை எடுத்து வந்திருந்தோம். அதன் பிடியை நீட்டியதும் வளையம் தனியே கழன்று மிதந்து போனது. சிஸ்டர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பக்கவாட்டில் குனிந்து, வாலுக்குச் சற்று முன்னால் உடல் ஒடுங்கும் இடத்தில், பிளாஸ்டர் சுற்றிய கையால் இறுகப் பிடித்தார். அவர் ஊர் மீன் ஏலத்தில் பெண்கள் நெய்மீனைத் தூக்கும் பிடி அது; அங்கே நழுவாது. ஒரே தூக்கு. மீன் அவர் மடியில் விழுந்து, அவரை இரண்டு அறை அறைந்து, அடங்கியது. சிஸ்டர் அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நெடுநேரம் அப்படியே இருந்தார். முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அது குலுங்கியது.

துடுப்புப் பிடிக்க நான் கையை எடுத்ததும் மறுபடி தண்ணீர் ஏறிப் பாதி மூழ்கிய படகை எப்படியோ கரைக்குக் கொண்டு சேர்த்தோம். கணவர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி இழுத்தார். மீனைப் பார்த்தார், வலையில்லாத பிடியைப் பார்த்தார், "என் இன்னொரு கம்பு எங்கே?" என்றார். நான் பிளாஸ்க்கை அவர் கையில் கொடுத்தேன்.

சிஸ்டர் மணலில் உட்கார்ந்து, மீனைப் பக்கத்தில் கிடத்தி, நனைந்த உடையோடு ஊருக்கு போன் போட்டார். ஈர விரல் பட்டு ஸ்பீக்கரில் விழுந்தது, அவர் மாற்றவில்லை.

"என்ன மக்ளே, சாமான் எல்லாம் கெட்டியாச்சா?" என்றது வயதான குரல்.

"ஆச்சுப்பா. அப்பா, நான் கடலுக்குப் போயிட்டு வாறேன்."

"கடக்கரைக்கா?"

"கரைக்கு இல்லப்பா. கடலுக்கு. வள்ளத்துல ஏறி."

அந்தப் பக்கம் அவர்கள் ஊர் அலையின் ஓசை மட்டும் கேட்டது. சிஸ்டர் மணலை அள்ளி அள்ளி விட்டுக்கொண்டிருந்தார். என் கணவர்கூட அசையாமல் நின்றார். இணைப்பு அறுந்துவிட்டதோ என்று நான் குனிந்து பார்த்தேன். அறுபடவில்லை.

"பாடு உண்டா?" என்றார் தந்தை.

பாடு என்றால் எங்கள் பக்கத்தில் துன்பம். மகள் ஏதும் கஷ்டப்பட்டாளா என்று கேட்கிறார் என நினைத்து, நான் முந்திக்கொண்டேன். "ஒரு கஷ்டமும் இல்லப்பா, சிஸ்டர் நல்லா இருக்காங்க!"

"அது யாரு?"

சிஸ்டர் போனைக் கையால் பொத்தினார். அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தார். "அக்கா, எங்க ஊர்ல பாடுன்னா மீனு. கடலுக்குப் போய்க் கரை பிடிக்கவங்கிட்ட மத்தவன் கேக்கது. ஆம்பளையளத்தான் கேப்பாவ. எங்க அம்மைகிட்டக்கூட ஒருத்தரும் கேட்டதில்ல." மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டார். "வள்ளம் நெறஞ்சு வந்தாலும் எங்க அப்பா ஒரே பதில்தான் சொல்லுவாரு. பெருமை பேசினா கடலு கேட்டுரும்பாரு."

கையை எடுத்தார். நிமிர்ந்து உட்கார்ந்தார். பக்கத்தில் கிடந்த மீன் அவர் காலைவிட நீளமாக இருந்தது. தொண்டையைச் சரிசெய்துகொண்டு, கடலிலிருந்து திரும்பிய ஓர் ஆளின் அசட்டையான குரலில் சொன்னார்:

"மோசமில்லப்பா."

"ம்," என்றார் தந்தை. "ஐஸ் போடு. வெயில் ஏறுது."