போர்த்தியிருந்த சேலையின் படம்

அந்தப் படத்தை இணையத்தில் ஏற்றியவன் நான். என் மாணவி கோமதி அல்ல. அவளோடு படித்த பிள்ளைகளில் யாரும் அல்ல. நான்தான்! யாரும் வற்புறுத்தாமல், என் கையாலேயே ஏற்றினேன். பிறகு, ஏற்றவில்லை என்று தலைமை ஆசிரியர் முன்னால் நின்று சொன்னேன்.

இதை உங்களிடம் ஏன் சொல்கிறேன்? நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அதனால்தான் சொல்ல முடிகிறது போலிருக்கிறது. என் மனைவியிடம் சொல்லப் பலமுறை முயன்றிருக்கிறேன். வாய் வரை வரும்... உடனே கரண்டு பில், கல்யாணப் பத்திரிகை என்று வேறு ஏதாவது பேசிவிட்டு எழுந்து போய்விடுவேன்.

ஆரணியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியராக இருந்தேன். பிறந்தது சந்தவாசல் பக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். எங்கள் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான். ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்ல மட்டும் எனக்கு நா எழாது. இவனுக்கெல்லாம் யார் வேலை கொடுத்தது என்று நினைத்துவிடுவார்களோ என்கிற பயம். அந்தப் பயத்தைத்தான் நான் பெருமை என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இரண்டாயிரங்களின் பிற்பாதி அது. எங்கள் பள்ளிக்குச் சில கணினிகளும் பிராட்பேண்ட் இணைப்பும் வந்தன. வகுப்பறையில் இணையத்தைப் பயன்படுத்துவது எப்படி என்று திருவண்ணாமலையில் பயிற்சி வைத்தார்கள். கணக்கு டீச்சர் பிரசவ விடுப்பில் இருந்ததால் என்னை அனுப்பினார்கள்.

போன முதல் நாளே ஒரு கேள்வி கேட்டேன். இணையத்தில் எழுதி வைத்துவிட்டுக் கணினியை அணைத்தால் எழுதியது அழிந்துபோகாதா என்று. அறையே சிரித்தது. பாடம் நடத்திய இளம்பெண் சிரிக்கவில்லை. பொறுமையாகத்தான் பதில் சொன்னாள். அந்தப் பதில் என் காதில் ஏறவே இல்லை. சிரிப்புதான் ஏறியது! அதன் பிறகு பயிற்சி முடியும்வரை நான் வாயே திறக்கவில்லை. புரியாத இடத்திலெல்லாம் தலையை ஆட்டினேன். எவ்வளவு ஆட்டினேன்!

ஆனாலும் ஆசை பிடித்துக்கொண்டது. அதையும் சொல்ல வேண்டும். மாலையில் பள்ளி விட்டதும் மார்க்கெட் ரோட்டில் இருந்த பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தட்டித் தடவிக் கற்றுக்கொண்டேன். ஒருநாள் வகுப்பில் வானத்திலிருந்து ஊரைக் காட்டும் வரைபடத்தைத் திறந்தேன். படம் பட்டை பட்டையாக, மெல்ல மெல்ல இறங்கியது. சேவூர் ஏரி தெரிந்ததும் பிள்ளைகள் பெஞ்சின் மேல் ஏறிவிட்டார்கள். இத்தனை வருடம் நிலப்படத்தைச் சுவரில் மாட்டிப் பிரம்பால் தொட்டுக் காட்டிய எனக்கு, அன்று கண் கலங்கிவிட்டது. என் ஆசிரிய வாழ்க்கையில் அதைவிட நல்ல நாள் எனக்கு நினைவில்லை.

அடுத்து, பத்தாம் வகுப்புக்கு ஒரு வலைப்பக்கம் தொடங்கினேன். ‘எங்கள் ஊர், எங்கள் தொழில்’ என்று தலைப்பு. பிள்ளைகள் தங்கள் வீட்டு வேலையைப் பற்றி எழுத வேண்டும்; நான் படம் எடுத்துப் போடுவேன். இதற்கென்றே ஒரு டிஜிட்டல் கேமரா வாங்கினேன். வகுப்பின் பெயரில் ஒரே கணக்கு, ஒரே பாஸ்வேர்டு. எழுத ஆர்வமாயிருந்த சில பிள்ளைகளிடமும் அந்தப் பாஸ்வேர்டைக் கொடுத்திருந்தேன்.

பக்கத்தைத் தொடங்கும்போது, இதை யார் யார் பார்க்கலாம் என்று ஆங்கிலத்தில் ஒரு கேள்வி வந்தது. எனக்குச் சரியாகப் புரியவில்லை. இருந்தது இருந்தபடியே விட்டுவிட்டு அடுத்த பொத்தானை அழுத்தினேன். உள்ளே போவதற்குப் பாஸ்வேர்டு கேட்கிறதே... அப்படியானால் பாஸ்வேர்டு இல்லாதவன் எப்படிப் பார்ப்பான்? இப்படித்தான் நினைத்தேன். வாசலில் பூட்டு தொங்கினால் வீடு பத்திரம் என்று நினைக்கிற புத்தி! பூட்டு எழுதுகிறவனுக்கு மட்டும்தான், பார்க்கிறவனுக்குக் கதவே இல்லை என்பது எனக்குத் தெரியாது. அந்தப் பயிற்சிப் பெண்ணுக்கு ஒரு போன் போட்டிருந்தால் தெரிந்திருக்கும். போடவில்லை.

கோமதியின் வீடு சேவூரில் இருந்தது. அப்பா ஏகாம்பரம் பட்டு நெசவாளி. தறி அவருடையது, தறியில் ஏற்றும் பாவு நூலும் பட்டும் ஜரிகையும் டிசைனும் முதலாளி கொடுப்பது. எங்கள் ஊர்த் தறி வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. வெளி ஆள் யாராவது வாசலில் குரல் கொடுத்தால், தறியில் நெய்திருக்கும் சேலையின் மேல் ஒரு துணியை இழுத்துப் போர்த்திவிடுவார்கள். தீபாவளிக்கு வரப்போகிற பார்டர் முன்கூட்டியே வெளியே தெரிந்துவிட்டால், விசைத்தறிக்காரர்கள் அதைப் பார்த்து மலிவாக அடித்து இறக்கிவிடுவார்கள். முதலாளியின் டிசைனைக் காப்பது நெசவாளியின் பொறுப்பு. அதில் பேர் கெட்டவனுக்கு ஆரணியில் யாரும் பாவு கொடுக்க மாட்டார்கள்.

நான் போனபோதும் சேலை போர்த்தித்தான் இருந்தது. என் அப்பா ஒரு நெசவு வீட்டின் வாசலைத் தாண்டி உள்ளே போனதில்லை. என்னை உள்ளே கூப்பிட்டு, நாற்காலி போட்டு, காபி கொடுத்தார்கள். ஏகாம்பரம் தறிக்குழியில் இருந்தபடியே என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“சார் இன்னா வெளி ஆளா?” என்று சொல்லி, துணியை எடுத்தார்.

அந்தப் பார்டரை எப்படிச் சொல்வது... கருஞ்சிவப்பு உடல், மயில் கழுத்து நிறத்தில் பார்டர், அதில் ஜரிகையால் ஓடும் ஒரு கொடி. நான் கேமராவை எடுத்தேன். ஏகாம்பரம் தடுக்கவில்லை. சாரிடம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்று தயங்கியிருப்பார். கோமதிதான் வாசல் வரை என் பின்னாலேயே வந்தாள்.

“சார், இந்தப் படத்த மட்டும் யாருக்கும் காட்டாதீங்க சார். தீபாவளிக்கு மின்ன வெளிய தெரிஞ்சா மொதலாளி பாவ அவுத்துகினு பூடுவாரு.”

“நம்ம கிளாஸ் மட்டும்தாம்மா பாக்கும். பாஸ்வேர்டு இருக்குதில்ல?” என்றேன்.

அவள் நம்பினாள். ஏன் நம்பமாட்டாள்? நான் அவளுடைய வாத்தியார் அல்லவா!

சில நாளில் அதிகாரி ஒருவர் பள்ளியைப் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. எங்கள் வலைப்பக்கத்தில் நெல் வயல் படம் இருந்தது, டவுன் பஸ் படம் இருந்தது. எதுவும் கண்ணைப் பிடிக்கவில்லை. அந்தப் பார்டர் படத்தை ஏற்றினேன். கீழே, ‘நம் வகுப்பு மாணவி கோமதியின் வீட்டுத் தறி’ என்று நானே தட்டச்சு செய்தேன். வகுப்பு மட்டும்தானே பார்க்கிறது, அதிகாரியும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போகட்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதிகாரி பார்த்தார், பாராட்டினார், போய்விட்டார். நான் படத்தை எடுக்க மறந்தேன். மறந்தேனா? இல்லை... பார்க்க அழகாக இருந்தது, இருக்கட்டும் என்று விட்டேன். இதில்கூடப் பொய் சொல்ல வருகிறது பாருங்கள்!

தீபாவளிக்கு முன்னாலேயே அந்தக் கொடி பார்டர் சென்னைக் கடைகளில் விசைத்தறிச் சேலையாகத் தொங்கியது. சென்னை வியாபாரி ஒருவர் எங்கள் வலைப்பக்கத்தை அச்செடுத்து முதலாளியிடமே கொடுத்திருக்கிறார். ஊர்ப் பெயர், வகுப்பு, கோமதியின் பெயர் எல்லாம் அதில் இருந்தன. முதலாளி அந்தத் தாளோடு நேராகத் தலைமை ஆசிரியர் அறைக்கு வந்துவிட்டார்.

என்னைக் கூப்பிட்டார்கள். தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இந்தப் படம் சென்னை வரை எப்படிப் போனது என்றே எனக்கு விளங்கவில்லை. முதலாளி சத்தம் போடவில்லை. இந்த சீசனே போச்சு சார் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். தலைமை ஆசிரியர், மேலிடத்துக்குப் போனால் மெமோ வரும், சஸ்பெண்டுகூட ஆகலாம் என்றார். பிறகு என்னிடம் கேட்டார்:

“பாஸ்வேர்டு யார் யார்கிட்ட சார் இருக்குது?”

நம்புங்கள், அதுவரை பொய் சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. அந்தக் கேள்விதான் எனக்கு வழி காட்டியது. பிள்ளைகளிடமும் இருக்கிறது என்றேன். அது உண்மைதான்! உண்மையைச் சொல்லியே ஒரு பிள்ளையின் தலையில் பழியைப் போடலாம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

கோமதியைக் கூப்பிட்டார்கள். அவள் தடுமாறவே இல்லை. சார்தான் படம் எடுத்தார், வகுப்பு மட்டும்தான் பார்க்கும் என்று சொன்னார், நான் எதையும் ஏற்றவில்லை என்றாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் இப்போது எல்லாவற்றையும் சரி செய்துவிடுவேன் என்ற நம்பிக்கையோடு பார்த்தாள்.

“எடுத்தது நான்தான் சார்,” என்றேன். “ஆனா நான் ஏத்தல.”

தலைமை ஆசிரியர் அவளைத் திட்டினார். ஆசிரியர் மேலேயே பழி போடுகிறாயா என்றார். அவள் அழவில்லை. நான் சுவரில் இருந்த கால அட்டவணையைப் படித்துக்கொண்டு நின்றேன். அடுத்த பீரியடு எனக்கு ஒன்பதாம் வகுப்பில். போய் நடத்தினேன். என்ன நடத்தினேன் என்று கேட்காதீர்கள்.

அன்று மாலை பிரவுசிங் சென்டருக்கு ஓடினேன். படத்தை அழிக்கும் இடம் எங்கே என்றுகூட எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு பொத்தானாக அழுத்தி, அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தேன். யார் பார்க்கலாம், யார் பார்க்கக் கூடாது என்பதையெல்லாம் அன்றுதான் முழுதாகக் கற்றேன். படத்தை அழித்தேன். அழித்து என்ன பயன்?

முதலாளி பாவை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார். வேறு முதலாளிகளிடம் ஏகாம்பரம் கேட்டுப் பார்த்தார். அந்த வீட்டுத் தறியில் போட்டால் ஊருக்கே தெரிந்துவிடும் என்ற பேச்சு அவருக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. அவர் ஒரு விசைத்தறி ஷெட்டில் ஆளாகச் சேர்ந்தார். கோமதி பத்தாவது பாஸ் செய்தாள், நல்ல மார்க். பதினோராம் வகுப்பில் கணினி எடுக்க வேண்டும் என்று என்னிடமே ஒருமுறை சொல்லியிருந்தவள். எடுக்கவில்லை. போளூரில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போய்விட்டாள்.

எனக்கு என்ன ஆனது? கேளுங்கள். எனக்கு ‘கம்ப்யூட்டர் சார்’ என்று பேர் வந்தது! மற்றப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்க என்னையே கூப்பிட்டார்கள். போகிற இடமெல்லாம், யார் பார்க்கலாம் என்ற அந்தக் கேள்வியைத்தான் முதலில் சொல்லிக்கொடுப்பேன். சார் எவ்வளவு கவனமாகச் சொல்லித் தருகிறார் என்று பாராட்டினார்கள். நான் அதையும் வாங்கிக்கொண்டேன்.

சில வருடம் கழித்துப் போளூர் பஸ்ஸில் ஏகாம்பரம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“பொண்ணு அன்னிக்கி ஒங்க பேர இழுத்துட்டா சார். வூட்டுக்கு வந்தும் அதையேதான் சொல்லிகினு இருந்தா. சார் பொய் சொல்வாரான்னு நான்தான் கைய நீட்டிட்டேன். நீங்க மனசுல வச்சிக்காதீங்க.”

அவளை அடித்திருக்கிறார்! உண்மையைச் சொன்னதற்காக, என்னை நம்பி, தன் பெண்ணை அடித்திருக்கிறார். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க... சின்னப் பொண்ணுதானே.”

அவளை மன்னித்தேன்! நான்... அவளை!

அத்தோடு விடவில்லை அவர். அந்த வார்த்தையை அவளிடமே ஒருமுறை சொல்லிவிட்டால் அவள் மனசு ஆறும் என்று சொல்லி, என்னைக் கடைக்கே கூட்டிக்கொண்டு போனார். கோமதி சேலைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். சாருக்கு உன் மேல் கோபம் இல்லையாம் என்று அவர் மகிழ்ச்சியோடு சொன்னார். கோபமெல்லாம் இல்லையம்மா என்று நானும் சொன்னேன். சரிங்க சார் என்றாள்.

எங்களுக்கு டீ சொல்ல ஏகாம்பரம் வெளியே போனார். இப்போதாவது ஏதாவது சொல்ல வேண்டும் என்று நான் வாய் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

“அப்பாகிட்ட மட்டும் எப்பவும் சொல்லிடாதீங்க சார். அடிச்சத நெனச்சி ஒடஞ்சி பூடுவாரு.”

எனக்கு அப்போது என்ன தோன்றியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இதைத்தான் சொல்லக் கூடாது என்று இவ்வளவு நேரமும் நினைத்தேன். வெட்கம் தோன்றவில்லை, அழுகை வரவில்லை. அப்பாடா என்று இருந்தது. இனி நான் உண்மையைச் சொல்ல வேண்டியதில்லை... அவளே வேண்டாம் என்றுவிட்டாள்! டீ வந்தது. குடித்தேன்.

ஏகாம்பரம் போய்ச் சேர்ந்துவிட்டார். நானும் ஓய்வு பெற்றுவிட்டேன். இனி உடைவதற்கு அவர் இல்லை என்பதால் எழுத உட்கார்ந்தேன். எழுதியதை ஒருமுறை திரும்பப் படித்துப் பார்த்தேன். கோமதியின் பெயரை எழுதியிருக்கிறேன். அவள் அப்பாவின் பெயரையும், அவர்கள் ஊரையும் எழுதியிருக்கிறேன். என் பெயரை மட்டும் இதில் எங்கேயும் எழுதவில்லை.