றம்லாவுக்குச் சுகமில்லாமல் போன கதை

டொக்டர் அப்துல் ஸமத் எம்.டி. பட்டத்துக்கு ஆய்வு எழுதப்போகிறார் என்ற செய்தி மாத்தளைக் கடைத்தெருவுக்கு எட்டியது 1967இல். ஏற்கெனவே டொக்டராக இருக்கிற மனுசன் இன்னும் எதற்குப் படிக்க வேண்டும் என்பது அவருடைய மாமனார், மிளகு வியாபாரி ஜமால்தீன் ஹாஜியாருக்கு விளங்கவேயில்லை. மகள் றம்லாவைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"பெரிய டொக்டராகத்தான் வாப்பா" என்றாள் றம்லா. அவளுக்கும் அதற்குமேல் தெரியாது. ஆனால் சொல்லும்போது முகமெல்லாம் பூரிப்பு.

பாவி, அந்தப் பூரிப்பிலேயே மூன்று வருடம் ஓட்டினாள். ஸமத் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனால் வெளிநோயாளர், வார்டு, இடையில் பொலிசார் கொண்டுவரும் பிரேதம் என்று எல்லாம் முடித்து பின்னேரம் அஸர் தொழுகைக்குத்தான் வீடு திரும்புவார். வந்ததும் சாரத்தைக் கட்டிக்கொண்டு மேசையில் உட்கார்ந்துவிடுவார். அவர் கிறுக்குவதை நல்ல கையெழுத்தில் படியெடுப்பது றம்லாவின் வேலை. கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புவரை இங்கிலீஷ் படித்தவள். அவளுடைய எழுத்து அச்சுக் கோத்த மாதிரி இருக்கும்.

ஆய்வு இதுதான். ரத்தோட்டைக்கு அப்பால் மூங்கில்மலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் நூற்றுப் பன்னிரண்டு பெண்களுக்குத் தினமும் இரும்புச்சத்துக் குளிசை கொடுப்பது; ஆறு மாதத்துக்கு ஒரு தடவை விரலில் குத்தி இரத்தம் எடுத்து, அதன் சத்து ஏறியிருக்கிறதா என்று அளப்பது. வெளிறிப்போய்ப் பிள்ளை பெறும்போதே செத்துப்போகிற பெண்களை ஸமத் நிறையப் பார்த்திருந்தார். அந்த ஆதங்கம் பொய்யில்லை. அதை நாம் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

முதல் தடவை அவரே போய் எல்லாருக்கும் இரத்தம் எடுத்தார். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியிலிருந்த மற்ற டொக்டருக்கு இடமாற்றம் வந்துவிட்டது. லீவு கேட்டால் மேலிடத்தில் முறைத்தார்கள். என்ன செய்வது? வேலை தோட்டத்து மருந்துக்காரர் வின்சன்டின் தலையில் விழுந்தது. வின்சன்ட் முப்பது வருட சேவைக்காரர், கஞ்சி போட்ட வெள்ளைக் காற்சட்டை, வாய்க்கு வாய் 'சேர்'. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பஸ் ஏறி வந்து, ஒவ்வொரு பெண்ணின் இரத்த அளவும் எழுதிய கார்டுகளைக் கொடுத்துவிட்டு, றம்லா ஊற்றும் தேநீரைக் குடித்துவிட்டுப் போவார்.

கார்டுகளில் இரத்தம் ஏறியது. ஏழாக இருந்தது ஒன்பதானது, ஒன்பது பதினொன்றானது. ஸமத் சின்னப்பிள்ளை மாதிரி சமையலறைக்கு ஓடிவந்து, "பாரு றம்லா, பாரு!" என்று கார்டைக் காட்டுவார். அவளும் அடுப்பை விட்டுவிட்டுப் பார்ப்பாள்.

1970 ஆவணியில் எல்லாம் முடிந்தது. கொழும்பிலிருக்கும் பேராசிரியருக்கு அடுத்த வெள்ளிக்கிழமை ஆய்வேட்டை அனுப்ப வேண்டும். டைப் பண்ணி வந்த கடைசிப் பட்டியலை மட்டும் சரிபார்க்க வேண்டியிருந்தது. ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து சாப்பிட்டுவிட்டு இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். றம்லா கார்டை வாசிக்க, அவர் தாளில் பென்சிலால் குறி போட்டார்.

"எழுபத்திமூணு. சவரியம்மா. இந்த வருசம் ஆடி மாசம், பதினொண்டு தசம் நாலு" என்று வாசித்த றம்லா நிறுத்திவிட்டாள்.

"ம், அடுத்த."

"இந்தப் பொம்புள மாசியிலயே கப்பல் ஏறிட்டாளே?"

"எந்தப் பொம்புள?"

"நம்மட சவரியம்மா! புள்ள கெடச்ச நேரம் நாப்பது நாளும் என்னோட நிண்டவ. இந்தியாவுக்குப் போகமுந்தி ஊட்டுக்கு வந்து அழுதழுது செல்லிட்டுப் போன. நான்தானே சாரி ஒண்டு குடுத்தனுப்பின. ஆடி மாசம் அவட ரத்தம் இங்க எப்பிடி வரும்?"

சொன்ன பிறகுதான் அவளுக்குத் திக்கென்றது. வாயை மூடிக்கொண்டு அடுத்த எண்ணை வாசித்திருக்கலாமே என்று ஒரு நொடி நினைத்தாள். ஆனால் ஸமத் அதற்குள் கார்டுகளைப் பிடுங்கிவிட்டார். நாடற்றவர்கள் என்று பெயர் வாங்கி, தலைமன்னாரில் கப்பலேறிப் போன குடும்பங்களின் சுகச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டவரே அவர்தான். அந்தப் பெயர்களைக் கார்டுகளில் தேடித் தேடிப் பார்த்தார். பத்தொன்பது பேர். பத்தொன்பது பெண்கள் கடல் கடந்து போன பிறகும் மூங்கில்மலையில் விரலை நீட்டி இரத்தம் கொடுத்திருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வின்சன்ட் வந்தார். றம்லா தேநீர்த் தட்டோடு திரைக்குப் பின்னால் நின்றுவிட்டாள்.

"சேர், கோவிச்சுக்காதீங்க" என்று வின்சன்ட் நின்றபடியே சொன்னார். "குளிசைய ரெண்டாவது வாரமே நிறுத்திட்டாங்க. வயிறு எரியுதுன்னாங்க. வெளிக்குக் கறுப்பா போகுதுன்னு பயந்துட்டாங்க. அப்புறம் இது புள்ள பொறக்காம பண்ற குளிசைன்னு எவளோ ஒருத்தி கிளப்பிவிட்டுட்டா. அவ்வளவுதான். காலையில பெரட்டுல பேர் கூப்பிடும்போது என் கண்ணு முன்னாடி வாயில போடுவாங்க. மலைக்குப் போய்த் துப்பிடுவாங்க."

ஆக, மூன்று வருடமாகச் சத்து ஏறியது மூங்கில்மலைத் தேயிலைச் செடிகளுக்குத்தான்!

"ஏன் எனக்கிட்ட செல்லல்ல?"

"சொல்லத்தான் வந்தேன் சேர். ரெண்டாவது தடவ நெசமாவே ரத்தம் எடுத்து அளந்தேன். ஒரு புள்ளி ஏறல. அந்தக் கார்டெல்லாம் பையில வச்சுக்கிட்டுத்தான் வந்தேன். வாசல்லயே நீங்க, 'கூடியிருக்குதானே வின்சன்ட்'ன்னு கேட்டீங்க. அந்த முகத்தப் பாத்துட்டு என்னத்த சொல்ல? அடுத்த வாரம் கொண்டாறேன்னு சொல்லிட்டுப் போயி வேற எழுதினேன். அதுக்கப்புறம் குத்தவே இல்ல சேர். வீணா எதுக்கு அதுங்க விரல்ல ஊசி ஏத்தணும்?"

ஸமத் எழுந்த வேகத்தில் கதிரை பின்னால் விழுந்தது. "நீ என்ட கழுத்த அறுத்துப்போட்ட! ஒன்ன நம்பித்தானே உட்ட!" இத்தனை வருடமும் 'நீங்க' என்று அழைத்த வாயிலிருந்து 'நீ' வந்தது.

வின்சன்ட் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஆய்வ டைப் பண்ணக் குடுக்கச் சொல்லி என்கிட்டத்தானே குடுத்துவிட்டீங்க. பஸ்ஸுல வாசிச்சேன் சேர். நாப்பத்தோராம் பக்கம். எல்லா ரத்தத்தையும் ஆய்வு செய்றவரே நேர்ல எடுத்து அளந்தாருன்னு போட்டிருக்கு. என் பேரு எங்கயுமே இல்ல. நான் செய்யாத வேலைக்கா சேர் என்னத் திட்டுறீங்க?"

அந்தப் பக்கத்தைப் படியெடுத்தவள் றம்லா. "நீங்க ஒரே ஒருக்கத்தானே போன?" என்று அப்போதே கேட்டாள். "இதெல்லாம் அப்பிடித்தான் எழுதுற" என்று அவர் சொல்ல, இவளும் எழுதினாள். இப்போது தேநீரைக் கொண்டுபோய்க் கொடுக்க அவளுக்கு முகமில்லை. வின்சன்ட் போனார், தேநீர் ஆறிப்போய்விட்டது.

"உள்ளத எழுதிருங்க" என்றாள் அன்று மாலை. "மூணு வருசம் போனாப் போகுது. ஒங்கட பொய்யும் அவர்ட பொய்யும் ரெண்டையும் எழுதுங்க. அல்லாஹ் பாத்துக்கொண்டுதான் ஈக்கிறான்."

ஸமத் கார்டுகளை அடுக்கிக் கட்டினார். பிறகு தலையாட்டினார். மறுநாள் பேராசிரியருக்குக் கடிதம் எழுதினார், படியெடுக்க அவளிடம் தராமல் தானே ஒட்டி, தானே தபாற்கந்தோருக்குக் கொண்டுபோனார். பட்டம் போனாலும் மனுசன் நேர்மையானவர் என்று றம்லாவுக்கு மனசு நிறைந்தது. அந்த வாரமே ஹாஜியார் கேட்டபோதுகூட, "சரிவரல்ல வாப்பா" என்று நிமிர்ந்து நின்று சொன்னாள்.

ஐப்பசியில் தங்கை மஸீனாவுக்கு நிக்காஹ். றம்லா விடியற்காலையிலிருந்து பம்பரமாய்ச் சுழன்று, சோறு குவித்த பெரிய சஹன் தட்டுகளைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிக் கிளார்க்கின் மனைவி கைறுன்னிஸா ஓடிவந்து சஹனைப் பறித்தாள்.

"அல்லாஹ்வே, நீங்க இதத் தூக்குறா? ஒங்கட நெஞ்சு இப்ப எப்பிடி?"

"என்ட நெஞ்சுக்கு என்ன?"

"எனக்கிட்ட மறைக்காதீங்க. ஒங்களுக்குச் சுகமில்லாததாலதானே டொக்டர் படிப்ப உட்ட? அவரே கொழும்புக்கு எழுதினயாமே, பதில் ஆஸ்பத்திரிக் கந்தோருக்குத்தானே வந்த. பாவம், நல்ல மனுசன், பொஞ்சாதிக்காக எவ்வளவு பெரிய பட்டத்த உட்டுக்குடுத்த!"

சுற்றியிருந்த பெண்கள் எல்லாரும் றம்லாவை இரக்கத்தோடு பார்த்தார்கள். இரக்கம் மட்டுமா, ஒரு புருசனின் முன்னேற்றத்தைக் கெடுத்தவள் என்ற பார்வையும் அதில் கலந்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டுவிட்டாள். ஸமத் மறுக்கவில்லை. "உள்ளத எழுதினா வின்சன்ட்ட வேல போகும், என்ட பேரும் போகும். வேற எனத்த எழுதச் செல்ற? ஒனக்கு இதால என்ன கொறஞ்சி போச்சி?"

என்ன குறைந்து போனதாம்! மூன்று வருடம் கையொடிய எழுதினாள், பொய்யைக் கண்டுபிடித்தாள், உண்மையைச் சொல்லச் சொன்னாள். கடைசியில் அத்தனைக்கும் சேர்த்து நோயாளிப் பட்டம் அவளுக்கு. அந்த நூற்றுப் பன்னிரண்டு பெண்களைப் பற்றியோ ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. இருக்கிறவர்கள் பழையபடி வெளிறித்தான் இருந்தார்கள்.

கலியாணம் முடிந்த மறுவாரம் மாப்பிள்ளை வீட்டார் வேன் பிடித்து எல்லாரையும் ரிவர்ஸ்டன் மலைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். வேன் ஓரிடத்தில் நின்றது. மேலே நடந்துபோனால் மலைமுகட்டில் மேகம் தொடும் என்றார்கள். றம்லா முந்தானையைச் செருகிக்கொண்டு முதல் ஆளாக இறங்கினாள்.

"வேணாம், வேணாம். றம்லாக்கு இந்த ஏத்தம் கூடாது" என்றார் ஸமத். ஹாஜியாரும் மாப்பிள்ளை வீட்டாரும் பார்த்துக்கொண்டிருக்க, கிட்ட வந்து அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார். பெண்கள் 'ச்சு' கொட்டினார்கள்.

றம்லா கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவருடைய முகத்தை நேராகப் பார்த்தாள்.

"நாடி எத்தின ஈக்கிது? எல்லாருக்கும் கேக்கச் செல்லுங்க" என்றாள். "இந்த ஒருக்காவாவது நீங்களே எண்ணிச் செல்லுங்க."

ஸமத் கையை விட்டுவிட்டார்.