மகளின் ஹொப்ஸ் கொடி

மகள் தனியாக பிளாட் எடுத்துப் போன பிறகு, லூயிஷாமில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வருவது அரிதாகிவிட்டது. போன் எடுத்தால் வேலை என்பாள். எனக்கு அதில் தீராத கோபம். அப்படிப்பட்டவள் ஒரு மார்ச் மாத ஞாயிற்றுக்கிழமை, மண் ஒட்டிய வேர்த்துண்டு ஒன்றோடு வந்து நின்றாள். ஹொப்ஸ் என்றாள். பியருக்குக் கசப்பும் வாசமும் கொடுக்கிற கொடியாம். வீட்டிலேயே பியர் காய்ச்சப் பழகியிருக்கிறாள். அவளுடைய மூன்றாம் மாடி பிளாட்டில் கொடி வளர்க்கத்தான் இடமில்லை.

பியர் என்றதும் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள். எனக்கும் உவப்பில்லைதான். ஆனால் கொடியைப் பார்க்க ஞாயிறுதோறும் வருவேன் என்றாளே! பாவற்கொடிக்கு என்று வைத்திருந்த பந்தலையே கொடுத்துவிட்டேன்.

சொன்னபடி வந்தாள். கொடியோடு பத்து நிமிடம், பிறகு சோறு, பிறகு பொழுதுபடும்வரை பேச்சு. மனைவி ஞாயிறு தவறாமல் இறால் குழம்பு வைத்தாள். கொடியை மட்டும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. முதல் வருடம் அதிகம் பூக்காதாம். ஆகஸ்ட் கடைசியில் இரண்டு கைகொள்ளும் அளவுக்குப் பச்சைப் பூக்கள் இருந்தன. அடுத்த கிழமை ஆயலாம் என்று மகள் சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த ஞாயிறு வந்து பார்த்தால் கொடியில் ஒரு பூ இல்லை. அணில் வேலை என்றேன். மனைவியோ, வெள்ளிக்கிழமை தானே ஆய்ந்து மாலை கட்டிக் கோயிலில் அம்மனுக்குக் கொடுத்ததாகச் சாதாரணமாகச் சொன்னாள். எங்கள் வீட்டில் எது காய்த்தாலும் பூத்தாலும் முதல் விளைச்சல் கோயிலுக்குத்தான். ஐயர் என்ன பூ என்று கேட்டாராம். வீட்டுப் பூ என்றாளாம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. மகளுக்கு வரவில்லை. ஆறு மாதம் காத்திருந்தது இதற்குத்தானா என்று கேட்டுவிட்டுக் காலில் சப்பாத்தை மாட்டினாள். இனி வரமாட்டாள் என்று நினைத்தேன். கதவடியில் நின்று தாயைப் பார்த்தாள்.

"பியருக்கெண்டு தெரிஞ்சுகொண்டுதானே அம்மா குடுத்தனீங்கள்?"

"ஓம், தெரியும். கொடி பட்டுப்போகக் கூடாதெண்டு நேர்ந்தனான். அது பட்டால் நீ பிறகு ஏன் இஞ்சை வாறாய்?"

 மகள் குனிந்து சப்பாத்தைக் கழற்றினாள்.

"கொடியைப் பாக்கவோ அம்மா நான் வந்தனான்?"