முகமில்லாத பயணிகள்

பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்ற வருடம்தான், மகள் தன் பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு, பஸ் ஓட்டும் விளையாட்டு ஒன்றை எனக்குப் பழக்கினாள். எனக்கு எழுத்துத் தெரியாது. இதையும் நான் சொல்லச் சொல்ல அவள்தான் தட்டுகிறாள்.

இன்று காலை அந்த விளையாட்டில் ஒரு மொட், அதாவது வெளியாட்கள் செய்து தரும் கூடுதல் பகுதி, சேர்த்தாள். யாரோ ஆர்வத்தில் செய்த கொழும்பு வீதிகள். கொட்டாஞ்சேனையில் நான் முப்பது வருடம் பஸ் ஓட்டிய அதே பாதை!

ஜிந்துப்பிட்டியில் நிறுத்தினேன். ஏறிய ஒருவருக்கும் முகமில்லை. கண், மூக்கு இல்லாமல் வெறும் தோல்.

“பயப்படாதீங்க அப்பா. லினக்ஸ்ல இந்த மொட்டோட முகப் படங்கள் ஏறயில்ல. பிறகு சரி பண்றன். பஸ்ஸ எடுங்க.”

நான் எடுக்கவில்லை.

“ஏன் நிக்கிறீங்க?”

“கொண்டக்டர் இன்னும் ‘ஹரி, யங்’ சொல்லயில்லையே.”

“இதுல கொண்டக்டரே இல்லப்பா!” என்று சிரித்தாள்.

பதினெட்டு வருடம் என் பின்னால் நின்று, ‘சரி, போவோம்’ என்று சிங்களத்தில் அப்படிக் கத்தியவனின் குரல் காதில் தெளிவாகக் கேட்டது. முகத்தை நினைத்துப் பார்த்தேன். அதுவும் வெறும் தோலாகவே வந்தது.

எழுதிவைக்கத் தெரியாதவனுக்கு ஞாபகத்தை விட்டால் வேறு என்ன இருக்கிறது? இதைத் தட்டும்போது மகள் சிரிக்கவில்லை.

அவன் ஊரான ஹெந்தளைப் பக்கம் இருப்பவர்கள் அவனைக் கண்டால் ஒரு படம் எடுத்து இந்தப் பதிவுக்குக் கீழே போடுங்கள். கம்ப்யூட்டரை மகள் திருத்திவிடுவாள், என்னை அவன்தான் திருத்த வேண்டும். அந்த பஸ்ஸில் என்னோடு ஓடியவர்களில் இன்னும் உயிரோடு இருப்பவன் அவன் ஒருவன்தான்.

அவன் பெயர் சுனில்.