சின்ன ஆபரேஷன்

என் தங்கையின் உதடு எப்போதும் நாவல்பழம் தின்றவள்போல நீலமாகவே இருக்கும். இண்டூர் பள்ளிக்கூடத்துக்கு நடக்கும்போது பத்தடிக்கு ஒரு தரம் குத்தவைத்து உட்கார்ந்துகொள்வாள். "மணியடிச்சிருவாங்கடி, எந்திரி" என்று நான் கையைப் பிடித்து இழுப்பேன். அவளுக்கு ஆறு வயது, எனக்குப் பத்து. எண்பதுகளின் தொடக்கம் அது.

தர்மபுரி டாக்டர் அவள் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை என்று மெட்ராஸுக்கு எழுதிக் கொடுத்தார். என்னை விட்டுவிட்டுப் போக ஆளில்லாததால் நானும் போனேன்.

அங்கே பெரிய டாக்டர் ஒரு தாளில் இதயத்தை வரைந்து காட்டினார். அரிசி மில்லில் வேலை பார்த்த அப்பா கைகட்டி நின்று கேட்டார். வழி இரண்டு இருந்தது. விலாப்பக்கம் திறந்து, கைக்குப் போகும் ரத்தக்குழாயை நுரையீரல் குழாயோடு இணைக்கலாம். நீலம் குறையும், ஓட்டை அப்படியே இருக்கும். சில வருஷம் கழித்து மறுபடி நெஞ்சைத் திறந்தாக வேண்டும். இல்லையென்றால் இப்போதே நடுநெஞ்சைத் திறந்து, இதயத்தை நிறுத்தி, ரத்தத்தை மெஷினில் ஓடவிட்டு, எல்லாவற்றையும் ஒரே தடவையில் சரிசெய்துவிடலாம். இவ்வளவு ஒல்லியான பிள்ளை அதைத் தாங்குமா என்பதுதான் சந்தேகம்.

"ரெண்டுலயும் ஆபத்து இருக்குங்க. கலந்து பேசிட்டு நாளைக்குச் சொல்லுங்க" என்றார் டாக்டர்.

அம்மா வார்டில் தங்கையோடு இருந்தாள். வராந்தா பெஞ்சில் அந்தத் தாளை மடியில் விரித்தபடி அப்பா வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீ சொல்லு கண்ணு. எது பண்ணலாம்?"

சின்னது என்றால் பதினைந்து நாளில் ஊருக்குப் போகலாம், பெரியது என்றால் ஒரு மாதத்துக்கு மேல் ஆகும் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். பள்ளி ஆண்டு விழாக் கும்மியில் நான் முன்வரிசை.

"சின்னதே பண்ணிரலாம்ப்பா. சீக்கிரம் வூட்டுக்குப் போயிரலாம்."

அப்பா தலையாட்டினார். மறுநாள் கையெழுத்துப் போட்டார்.

தங்கையின் உதடு சிவந்தது. மூன்று வருஷம் என்னை முந்திக்கொண்டு பள்ளிக்கு ஓடினாள். பிறகு மறுபடியும் மூச்சு வாங்கியது. பெரிய ஆபரேஷனுக்குக் கூட்டிப்போனார்கள். எனக்குப் பரீட்சை, அதற்குள் எங்கள் ஊருக்கே குடிவந்திருந்த சித்தி வீட்டில் இருந்தேன். பஸ் ஜன்னலிலிருந்து, "அக்கா, என் ரிப்பனை எடுக்காத" என்று கத்தினாள். அவளைத் துணியில் சுற்றித்தான் கொண்டுவந்தார்கள்.

வெகுகாலம் கழித்து ஒரு டாக்டரிடம் கேட்டேன். "அந்த எடைக்கு, அன்னிக்கு நானா இருந்தாலும் சின்னதைத்தான் முதல்ல சொல்லியிருப்பேன்" என்றார். என் மனசு ஆறவில்லை. அவர் எடையைப் பார்த்துச் சொல்கிறார். நான் கும்மியை நினைத்துச் சொன்னவள்.

தங்கையின் காரியம் முடிந்த மறுவாரம் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, பரிமாறிய அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அன்னிக்கே பெருசாப் பண்ணியிருந்தா எம்புள்ள இருந்திருக்குமில்ல? சின்னது போதும்னு யாருங்க சொன்னது?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை.

"நாந்தான் சொன்னேன்" என்றார்.

என்னைக் கேட்டதையே அவர் மறந்துவிட்டார் என்று நினைத்தேன். தப்பித்த நிம்மதியில், இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டு வாங்கி, தட்டை வழித்துச் சாப்பிட்டேன்.