ஜுவாங் தொடாத வரி

“எந்தக் கம்பைலர் வேணா வரட்டும்யா. என் கெர்னல்ல ஒரு வரியக்கூடத் தொட மாட்டேன்!”

தைவானின் சிஞ்சு நகரில், லிஃப்டை இயக்கும் பெட்டி செய்கிற கம்பெனியின் ஆண்டு விருந்தில், கோப்பையும் கையுமாக நாற்காலி மேல் ஏறி நின்று இப்படி அறிவித்தவர் ஜுவாங் போ-யென். அந்தப் பெட்டிக்கு உயிரான கெர்னல் என்ற அடிப்படை நிரல் அவர் எழுதியது. எழுதியதை இயந்திர மொழியாக்கித் தரும் கம்பைலரை இருபது வருஷமாக மனைவியைவிட அதிகம் நம்பினார். மனைவியாவது எப்போதாவது மறுத்துப் பேசுவார்.

மூன்று மாதத்தில் புதிய கம்பைலர் வந்தது. ஓர் எச்சரிக்கைகூட இல்லாமல் வேலையை முடித்தது. பெட்டியைப் போட்டால் திரை இருண்டே கிடந்தது.

“வெள்ளிக்கிழமைக்குள்ள எழுந்திருக்கலன்னா இந்தக் கெர்னலத் தூக்கிப் போட்டுட்டு, ஊரெல்லாம் ஓசியில கெடைக்கிற லினக்ஸுக்கு மாறிடுவோம்” என்று சொல்லிவிட்டார் மேனேஜர் பெங்.

ஜுவாங் முதலில் சந்தேகப்பட்டது பெட்டி மேலிருந்த சோளப்பொரிப் பொட்டலத்தை. பச்சைப் பொட்டலம் வைத்தால் இயந்திரம் சொன்னபடி கேட்கும் என்பது தைவான் பொறியாளர்களின் நம்பிக்கை. மஞ்சள் வைத்தால் முரண்டு பிடிக்கும். இது பச்சைதான். ஆனால் காலாவதியாகி ஒரு வாரம்.

“லியாவ்! தேதி பாக்காம யாரு வெச்சது?”

“நீங்கதாண்ணே. பாதியத் தின்னுட்டு ஒட்டி வெச்சீங்க” என்றாள் பக்கத்து மேசை லியாவ்.

புதுப் பொட்டலம் வந்தது. திரை மசியவில்லை.

வியாழன் காலை, கம்பைலர் கக்கியதை லியாவ் வரிவரியாகப் பார்த்தாள். நினைவகத்தைத் துடைக்கும் வேலையை ‘மெம்செட்’ என்ற பெயரில் ஜுவாங் தன் கையாலேயே எழுதியிருந்தார். புதிய கம்பைலர் அதைப் படித்து, ‘அடடே, துடைக்கிற வேலையா? அதற்கென்றே மெம்செட் இருக்கிறாரே’ என்று அவர் எழுதியதை எறிந்துவிட்டு, மெம்செட்டைக் கூப்பிடும்படி மாற்றிவிட்டது. அந்தப் பெயரில் இருந்ததோ இது ஒன்றுதான்; மெம்செட் மெம்செட்டைக் கூப்பிட்டது. அது மறுபடி தன்னையே கூப்பிட்டது. துடைப்பம் மட்டும் தரையைத் தொடவில்லை.

“இருபது வருஷம்டா! எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?” என்றார் ஜுவாங், திரையைப் பார்த்து.

“அது நல்லது பண்றதா நெனச்சிருக்கும்ணே. ‘இங்க உன் புத்திசாலித்தனம் வேணாம்’னு கம்பைலருக்குச் சொல்ற மாதிரி கெர்னல்ல ஒரு வரி சேத்தாப் போதும்.”

“சேக்க மாட்டேன்.”

“அப்ப லினக்ஸ்தான்.”

லியாவ் மதியச் சோற்றுப்பெட்டி வாங்கக் கீழே போனாள். திரும்பி வந்தபோது திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது. ஜுவாங் மும்முரமாகப் பொரி தின்றுகொண்டிருந்தார். மாற்றப் பதிவேட்டில் அவர் பெயரில், கெர்னலில் ஒரு வரி கூடியிருந்தது. காரணம் எழுத வேண்டிய இடத்தில்: ‘பொட்டலம் மாற்றப்பட்டது.’